நாற்பது நிமிடம் இருந்த கேள்வி

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருள்சாமி ஐயா அவர்களே, குவைத்திலிருந்தும் தோகாவிலிருந்தும் கிறிஸ்துமஸ் விடுப்பில் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தம்பிமார்களே, சம்பாக் கதிர் முற்றும் வேளையிலும் வேலையை ஒதுக்கி வந்த தாய்மார்களே, மதில்மேல் இடம்பிடித்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் இணையக் குழுவின் மூன்றாம் ஆண்டு விழாவை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்த வந்தவன்தான், மனம்தான் நிலைகொள்ளவில்லை. குழுவிலிருந்து நீக்கிய ஒருவரை மீண்டும் சேர்ப்பதா என்று சற்று நேரத்தில் கைதூக்கப் போகிறீர்கள். அவரைப் பற்றியே பேசுகிறேன்.

அவர் ஆரோக்கியம். குவைத்தில் வெல்டர். ஆகஸ்டில் தகப்பனார் இறந்தார், விடுப்புக் கிடைக்கவில்லை. அடக்கச் செய்தியைக் குழுவில்தான் படித்தார்: “மாலை நான்கு மணி, தெற்குத் தோட்டம்.” வெளியூர் விருந்தினருக்காகச் சொல்கிறேன். நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. வடக்கே ஒரு சாதி, தெற்கே ஒரு சாதி. ஜெபம் ஒன்று, சாமியார் ஒருவர், மண் மட்டும் இரண்டு!

அந்தச் சுவரைப் பற்றி அவர் ஒரு கேள்வி எழுதினார். நாற்பது நிமிடத்தில் கேள்வியும் காணோம், கேட்டவரும் குழுவில் இல்லை. காரணம்? மனம் புண்படுகிறதாம்!

யாருடைய மனம்? மூன்றாண்டில் குழுவில் முப்பத்தொரு மரண அறிவிப்புகள். எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வடக்கு அல்லது தெற்கு. ஒன்றாவது புண்படுத்தியதா? ஒன்றையாவது நீக்கினோமா? சுவரைச் சொல்லலாம், சுவரைக் கேட்கக் கூடாதா?

என்ன தம்பி டேவிட்சன்? குழுவை நடத்துபவர் நீங்கள், உரக்கவே கேளுங்கள்.

“ரெண்டு தெருவும் அடிச்சிக்கிட்டா நீங்களாண்ணே வந்து வெலக்குவீங்க?”

நியாயமான அச்சம். ஆனால் அன்று “கையை ஒடிப்பேன்” என்றும் ஒருவர் எழுதினார். அந்த மிரட்டல் மூன்று நாள் அப்படியே இருந்தது, தம்பி!

“எழுதுனவரு ரெண்டாவது வரிசைலதாங்க இருக்காரு!”

மதில்மேல் தம்பி, பெயர் வேண்டாம். மிரட்டலை நீக்குங்கள்; வசையை நீக்குங்கள்; ஒருவரை விரட்டி வேட்டையாடும் வெறியை நீக்குங்கள். கசந்தாலும் கலங்க வைத்தாலும், கேள்வியைக் கேள்வியாக விடுங்கள்!

அவர் மனைவி அருள்ஜோதி இங்கே இருக்கிறார். காலையில் சொன்னார்: “மாமா கல்லறைய அவரு இன்னும் பாக்கலைங்க. முப்பதாம் நாள் பூசைப் படமெல்லாம் குழுவுலதானே கெடக்கு.”

நானும் குற்றமற்றவனல்ல. இருபத்தெட்டு ஆண்டுகள் பத்திரிகையில் இவ்வூர் மரணச் செய்திகளை எழுதினேன். வடக்கா தெற்கா என்று தவறாமல் விசாரித்தேன். ஏன் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

நீக்குமுன் அருள்ஜோதி படமெடுத்து வைத்திருந்ததால், ஆரோக்கியம் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

“எங்க அப்பா இந்தக் கோயில்ல நாப்பது வருஷம் மணி அடிச்சாரு. அந்தச் சத்தம் ரெண்டு பக்கமும் கேட்டுச்சு. செத்த பிறகு அவருக்கும் உங்க அப்பாவுக்கும் நடுவுல சுவர் எதுக்கு? பதில் தெரிஞ்சவங்க எழுதுங்க.”

அவ்வளவுதான். படித்துவிட்டேன். பந்தல் சரியவில்லை.

பதில் தெரிந்தவர்கள் கைதூக்குங்கள்.

யாருமில்லையா? தலைவர் ஐயா, நீங்களுமா?

அப்படியானால், பதில் தெரியாத நாமெல்லாம் ஆரோக்கியத்தைத் திரும்பச் சேர்க்கக் கைதூக்குவோம். இதோ, என் கை.

பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. உங்களுக்கும், சுவருக்கு இருபுறமும் உறங்குவோருக்கும் என் வணக்கம்.