மாடிக்கு ஏறிய வாசனை

அறையில் தைல வாசனை பரப்பும் டிஃப்யூசர் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதல்லவா முதலில் பார்க்க வேண்டியது? கைக்குழந்தை இருக்கிறதா, இழுப்பு உள்ளவர்கள் உண்டா, பூனை வளர்க்கிறார்களா என்று கேட்காமல், குன்னூரில் என் தைலக்கடையிலிருந்து யாரையும் நான் அனுப்பியதில்லை. உங்கள் மனைவியும் போன மழைக்காலத்தில் வந்திருந்தார், இன்ஸ்பெக்டர் ஐயா. பீரோவில் பூஞ்சை வாடை போகவில்லை என்றார். தண்ணீர் ஊற்றும் மெஷின் ஈரத்தோடு ஈரத்தைச் சேர்க்கும், குச்சி செருகிய பாட்டிலே போதும் என்று விலை குறைந்ததைத்தான் கொடுத்தனுப்பினேன். வியாபாரத்தில் நான் நேர்மையானவள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு எல்லா விவரமும் தெரியும்.

என் கணவர் விஜயன் இறந்த பிறகு மாடி அறை சும்மாதான் கிடந்தது. பிள்ளை குட்டி கிடையாது. கடையில் பகலெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், பேசுவதற்குச் சுவர்தான். மலையில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, உங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்போதுதான் சுவாதி வாடகைக்கு வந்தாள். அன்னூர்க்காரப் பெண். இங்கே ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் கணக்கு வேலை. கோயம்புத்தூரில் தரணிதரன் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல பெண். என்ன, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். "ஏனுங்க ஆண்டி, நல்லா இருக்கீங்களா" என்று படியேறும்போது கேட்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மேலே போயிருப்பாள்.

அவளும் ஒரு டிஃப்யூசர் கொண்டுவந்திருந்தாள், ஆன்லைனில் வாங்கியது. சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு என்று சொன்னதும் அதை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டேன். "இழுப்புக்காரங்களுக்கு நீலகிரித் தைலம் ஆகாது கண்ணு. சளிக்கு நல்லதுன்னு ஊரே சொல்லும், நீ கேக்காதே. இதெல்லாம் கீழயே இருக்கட்டும்" என்று மெஷினை வாங்கி வந்து என் அறையில் வைத்தேன். அதுவரை என் மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. என் அறையில் ஈர வாடை பொறுக்க முடியவில்லை. அந்த மெஷினில் நீலகிரித் தைலத்தை விட்டுப் போட்டேன், கொஞ்சம் தாராளமாகவே. எங்கள் வீடு பழைய காலத்து வீடு. என் அறையின் கூரைதான் மாடி அறையின் தரை, வெறும் பலகை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. சிறிது நேரத்தில் சுவாதி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். மூச்சு விசில் அடித்தது. இன்ஹேலரைக் கொடுத்து, சாய்த்து உட்கார வைத்து, முதுகைத் தடவிவிட்டேன். அடங்கியதும் என் மடியிலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்றாள்.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அன்று ராத்திரி ரசம் வைத்துக் கொடுத்தேன். என் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தரணிதரனைப் பற்றி, ஆபீஸ் மேனேஜரைப் பற்றி, தங்கையைப் பற்றியெல்லாம் சொன்னாள். மறுநாள் உடம்பு தேறியதும் பழையபடி கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த முறை மெஷினைப் போட்டபோது எனக்கு ஈர வாடை எதுவும் அடிக்கவில்லை.

அடிக்கடி செய்யவில்லை. அவள் மூன்று நான்கு நாள் பேசாமல் போனால்தான். என் பூனையை மட்டும் ஜெகதளாவில் எனக்குத் தெரிந்த ஆண்டாயி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். இந்தக் காற்று அதற்கு ஆகாது, வாயில்லா ஜீவன்.

வாசனை தெரியாதா என்று கேட்பீர்கள். இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? ஸ்வெட்டரில் தைலம், தலையணையில் தைலம், பஸ்ஸில் ஏறினால் தைலம். அதிலும் தைலக்கடைக்காரி வீடு. டாக்டர் சில்வஸ்டரிடம் நான்தான் அவளை அழைத்துப் போனேன். "ரூம்ல வாசனை ஏதாச்சும் போடறியாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க டாக்டர். வந்தன்னைக்கே ஆண்டி வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரின் கர்சீப்பிலேயே தைல வாடை அடித்தது. குளிர்காற்று ஆகவில்லை, ஜன்னலை மூடியே வையுங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அரை மணிக்கு மேல் மெஷின் ஓடக் கூடாது என்று கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அவளுடைய அம்மா பூங்கொடி போன் செய்தார். "மலை புள்ளைக்கு ஒத்துக்கலீங்க. வேலைய விட்டுட்டு ஊட்டுக்கே வந்துரச் சொல்லிட்டமுங்க. இந்தச் சனிக்கெழமை தரணி காரெடுத்துட்டு வருவாப்ல." நல்லது என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை மத்தியானம் துணி மடிக்க உதவுவதற்காக மேலே போனேன். வரும்போது ஜன்னல் திட்டில் இருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வந்தேன். கீழே மெஷின் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. பயணம் ஒரு நாள் தள்ளிப்போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கடைசியாக ஒரு ராத்திரி ரசம் வைத்துக் கொடுக்கலாமே.

இழுப்பு தொடங்கியதும் மேலே பைகளைக் கொட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. நான் படியில் ஏறிப் பாதியில் நின்றேன். இன்ஹேலர் என் கையில்தான் இருந்தது. "அம்மா" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த படியில் கால் வைத்துவிட்டேன். அப்போது அவள் போன் ஸ்பீக்கரில் பூங்கொடியின் குரல் கேட்டது.

"என்னாச்சு சாமி? மூச்சு வாங்குதா? கீழ ஆண்டியக் கூப்புடு சாமி, ஆண்டியக் கூப்புடு."

அவள் கூப்பிடவில்லை. "அம்மா, அம்மா" என்று போனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். பிறகு என்னுடைய போன் கீழே அடிக்க ஆரம்பித்தது. பூங்கொடியாகத்தான் இருக்கும். எடுக்கப் போனால் பெண்ணை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

தரணிதரன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இழுப்பு முற்றி இறந்துபோனாள் என்று டாக்டரும் சொன்னார், நீங்களும் சொன்னீர்கள். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. சாவு வீட்டில் பூங்கொடி என்னைக் கட்டிக்கொண்டு, பெற்றவளை விட நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அழுதார். நானும் அழுதேன். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் நேற்று என் வீட்டு வாசலில் நின்று தரணிதரனிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். "பாவம், பக்கத்துல ஒரு ஆளில்லாம, தனியாக் கெடந்து செத்திருக்கு" என்றீர்கள். ராத்திரி முழுவதும் அது என்னைத் தூங்கவிடவில்லை. அதைத் திருத்தத்தான் இன்று நானாகவே வந்தேன். தனியாக இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அதை அந்தப் பெண்ணுக்கு நான் செய்வேனா? கடைசி மூச்சு வரைக்கும் நான் படியிலேயேதான் நின்றிருந்தேன்.