ஒரு முழம் தள்ளி

வீட்டுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். வெளிச்சுவர் வெயிலும் மழையும் வாங்குவதால் ஐந்து வருடம். உள்சுவர் ஏழெட்டு வருடம் தாராளமாகத் தாங்கும். சமையலறைக்குக் கொஞ்சம் முன்னதாகவே அடித்துவிடுவது நல்லது, எண்ணெய்ப் புகை ஏறிப் பிடித்துக்கொள்ளும். தரையை மாற்றுவது, சுவரை இடிப்பது எல்லாம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை போதும். அதற்கு மேல் எவன் சொன்னாலும் உங்கள் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

நான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவன். பாதி ஆயுள் அங்கேயே போய்விட்டது. வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. பெயிண்ட் அடிக்க மனமில்லை என்றால் அலமாரியையாவது நகர்த்திப் பாருங்கள். அதன் பின்னால் பழைய நிறம் அப்படியே இருக்கும். மற்ற சுவரெல்லாம் எவ்வளவு மங்கிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். சொன்னதும் சிரிப்பார்கள், பிறகு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போவார்கள்.

சௌகரியமாக உட்காருங்கள். நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள், பரவாயில்லை. போலீஸ் உடுப்பு இல்லாமல் வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு வாயில் போட்டு மெல்ல ஏதாவது கிடைத்தால் போதும். என் மனைவி உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்லமாட்டாள். என் பங்குக்கு நானும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வை போனது. நான் அப்போது தவழ்கிற குழந்தை. ஆக, அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைப் பொறுத்தவரை நான் ஒரு குரலும் செருப்புச் சத்தமும்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாடியிலிருந்து சொல்வாள், "துரைக்கு இன்னைக்கு யார் மேலயோ கோவம். செருப்பை வீசி எறியிறாரு." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கோபப்படக்கூட இந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது.

அவள் வயர் நாற்காலி பின்னுவாள். நீங்கள் உட்கார்ந்திருப்பதும் அவள் பின்னியதுதான். மாடியறையில் உட்கார்ந்து பின்னி முடித்து, மத்தியானம் டீ குடிக்கக் கீழே வருவாள். தடி வைத்துக்கொள்ளமாட்டாள். வெளியே போனால் தடி உண்டு, வீட்டுக்குள் தொட்டதில்லை. இடது கை விரல்களைச் சுவரில் தேய்த்தபடியே வருவாள். அந்தச் சரசரப்பைக் கேட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் பொரிந்த இடம் என்றால் குளியலறை. ஆணி தட்டுப்பட்டால் எங்கள் அறைக் கதவு. சின்னப் பள்ளம் வந்தால் அதற்கடுத்த அடி மாடிப்படி.

அந்தப் பள்ளம் நான் போட்டது. சிறுவனாக இருக்கும்போது இரும்புக் கம்பியைச் சுழற்றி விளையாடி, மேலே மாடிப்படி இறங்கத் தொடங்குகிற இடத்தில் சுவரைப் பெயர்த்துவிட்டேன். கட்டைவிரல் அடங்கும் அளவு. அப்பா காது பிய்கிற மாதிரி திருகினார். மறுநாள் சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்தபோது அக்கா ஒற்றைக்காலில் நின்றாள், அதை அடைக்கவே கூடாது என்று. அதுவரை அந்த இடத்தில் அவள் காலால் தடவித் தடவித்தான் நிற்பாளாம். என் தப்பு அவளுக்கு உபகாரமாகிவிட்டது. "தம்பி போட்ட பள்ளம்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

அப்பா கண்மூடுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார். "பெயிண்ட் அடி, வேணாம்னு சொல்லல. ஆனா அவ இருக்குற வரைக்கும் எதையும் இடம் மாத்தாதடா." சரி என்று தலையாட்டினேன். சாகப்போகிற மனிதரிடம் வேறென்ன சொல்வது. அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கடையில் நின்றுகொண்டு நாள் முழுக்க ஊரார் வீட்டை மாற்றிக்கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால் எல்லாம் நான் பிறந்தபோது இருந்த இடத்தில் இருக்கும். கட்டில், ஸ்டூல், தண்ணீர்க் குடம், அப்பாவின் குடை. குடையைக்கூட எடுத்தால் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஒருமுறை எனக்கு வெறுத்துப்போய்க் கூடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். அக்காவுக்குப் பார்வை இருந்தபோது கூடம் வெளிர் மஞ்சள். வாசனை பிடித்தபடியே வந்து, "அதே மஞ்சள்தானேடா?" என்று கேட்டாள். அதேதான் அக்கா என்றேன், வாய் கூசாமல். அவள் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எனக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

என் மனைவி நல்லவள். வந்த புதிதில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்க ஆசைப்பட்டு ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அக்கா இடறி விழுந்து முன்பல் உடைந்தது. அக்கா சிரித்தாள், "இனிமே விசிலடிக்க வசதியா இருக்கும்" என்றாள். என் மனைவி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் நகர்த்தவில்லை. வருடங்கள் போக, அவளும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி பார்வையில்லாமல் இருந்தால் போதாதா?

ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. வாசலில் நின்று சொன்னாள், "இந்த வீட்ல ஏதாவது ஒண்ண இடம் மாத்துங்க. அன்னைக்குத் திரும்பி வர்றேன்." அக்கா இருக்கிறாளே என்றேன். "அக்காவக் கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. நீங்க கேக்கவே மாட்டீங்க. உங்களுக்குக் குறை சொல்ல ஒரு ஆள் வேணும்."

என்னை இத்தனை வருடம் பார்த்தவள் இப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அவள் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை. நடந்ததெல்லாம் அதற்காகத்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பெயிண்டரைக் கூப்பிட்டேன். வாசனை ஒத்துக்கொள்ளாது என்று அக்காவை ஒன்றுவிட்ட சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவில் போகும்போது அவளே பேச்சை எடுத்தாள். எதையாவது இடம் மாற்றச் சொல்லி என் மனைவி வாசலில் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. "மாத்தணும்னா மாத்துடா. எனக்கென்ன, ரெண்டு நாள் முட்டிக்குவேன், அப்புறம் பழகிரும். ஆனா எங்கிட்டச் சொல்லிட்டு மாத்து. அது போதும்." நான் சரி என்றேன். இத்தனை வருடமும் அவளைக் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று அப்போது புரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அப்படியானால் நான் இவ்வளவு நாள் பட்டதெல்லாம் எதற்கு?

வீடு முழுக்கப் பட்டி பார்க்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுவரில் உள்ள குண்டுகுழியை எல்லாம் வெள்ளை மாவு மாதிரி ஒன்றைக் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து வழவழவென்று ஆக்குவது. குளியலறைப் பொரிப்பு போயிற்று. எங்கள் அறைக் கதவோரத்து ஆணியைப் பிடுங்கியாயிற்று. மாடிப்படி வந்ததும் பெயிண்டர் கையை நிறுத்தினார். "சார், இது அக்காவோட பள்ளமாச்சே. விட்டுரவா?" என்றார். நிரப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நிரப்பினார். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

வேலை முடிந்து அவர் போன பிறகு உளியை எடுத்தேன். அதே உயரத்தில், அதே அளவில், கட்டைவிரல் அடங்கும்படி செதுக்கினேன். ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருக்கும், அதையும் விடவில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, அதே பெயிண்டை ஒரு பூச்சுப் பூசினேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே வித்தியாசம், பழைய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, படி இறங்குகிற பக்கமாக. ஏதாவது ஒன்றை இடம் மாற்றச் சொன்னாள் அல்லவா என் மனைவி, மாற்றினேன். நான் போட்ட பள்ளம்தானே.

அக்கா வந்ததும் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "என்னடா துரை, சுவரே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். முகம் சற்று வெளுத்திருந்தது. ஏறும்போது வலது கையால் தடவிக்கொண்டே போனாள். பள்ளத்தில் விரல் பட்டதும் நின்றாள்.

"இது முன்னாடியே வந்துட்ட மாதிரி இருக்கே?"

"ரொம்ப நாள் கழிச்சு ஏறுறல்ல அக்கா."

"வயசாகுதுடா எனக்கு" என்று சிரித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நான் டீ போட்டுவிட்டு இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மாடியறைக் கதவு திறந்தது. சுவர் வழவழப்பாக இருந்ததால் சரசரப்புக் குறைவு, ஆனாலும் கேட்டது. வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அக்கா, நில்லு என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இரண்டு முறை சொல்லுமளவுக்கு இருந்தது. டீ ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே விழுந்து கிடந்தவளுக்கு நினைவு இருந்தது. ரத்தம் அதிகமில்லை. இடது கை மட்டும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. "பள்ளம் வரலையேடா தம்பி" என்றாள். துரை என்று கூப்பிடவில்லை. நான் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கேதான் அக்கா இருக்கு என்றேன். அது பொய்யில்லை, பள்ளம் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப நாந்தான் கவனிக்கல. நீ பயப்படாத."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போய்விட்டது.

என் மனைவி வந்தாள். மாடியில் அக்காவின் துணிமணிகளை எடுத்துவிட்டு இறங்கும்போது பழக்கத்தில் சுவரைத் தொட்டாள். முதல் படியில் கால் வைத்த பிறகு அவள் விரல் பள்ளத்தில் பட்டது. அப்படியே நின்றாள். விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். இடம் மாற்றிவிட்டேன், இனி இங்கேயே இரு என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் இறங்கி வாசலைத் தாண்டிவிட்டாள். அன்றைக்குப் போனவள்தான். உங்களிடம் வர இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறாள், என் மேல் கொஞ்சம் பிரியம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புதுச் சுவரை அக்கா ஏற ஒருமுறையும் இறங்க ஒருமுறையும்தான் தொட்டாள். ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், மாடியிலிருந்து கூடம் வரை அவள் கை உயரத்தில் அழுக்குக் கோடு ஒன்று ஓடுகிறது, பல வருடம் கை பட்ட மாதிரி. எண்ணெய்ப் பசை மேலே வராமலிருக்க அடியில் பூச ப்ரைமர் இருக்கிறது, நானே விற்கிறேன். பூசினேன். கோடு திரும்ப வந்தது. நான்கு தடவை அடித்துவிட்டேன். அதனால்தான் வீடு இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. நான் செதுக்கிய பள்ளத்தையும் பட்டி வைத்து மூடினேன். அது மூடிக்கொண்டது. ஆனால் பழைய இடத்தில், பெயிண்டர் நிரப்பிய இடத்தில், பட்டி உள்வாங்கிக்கொண்டே போகிறது. இப்போது கட்டைவிரல் அடங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மறைப்பானேன். ஆனாலும் அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. சரியான இடத்தில் இருப்பதை எதற்கு அடைப்பது?

கடைசியாக அடித்தது வெளிர் மஞ்சள். நிறம் சரியாக வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்பாவின் குடை அதே ஆணியில் இருக்கிறது. ஸ்டூல், கட்டில், குடம் எதுவும் அசையவில்லை. என் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. ஆனால் அவள் இருக்கும்வரை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், வாருங்கள் போகலாம். எழுந்திருக்கும்போது மட்டும் அந்த நாற்காலியைச் சுவரோரம் பழையபடி தள்ளிவிடுங்கள். டீ நேரமாகிவிட்டது. அக்கா இறங்கி வரும்போது இடறி விழுந்துவிடப் போகிறாள்.