பதினொன்றாம் கேள்வி

எனக்குச் சீனி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சேர், வெறும் ப்ளேன்டீ போதும். கந்தப்பனைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன்.

ராகலையில் ஹமீத் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில் ஆறு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன். வேலைக்கான படிவங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் நீட்டுவார்கள், நான் எழுதுவேன், காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பவர்கள், என்ன எழுதினாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய அறிவு.

பதினொன்றாம் கேள்வி, முன்பு தண்டனை பெற்றதுண்டா என்பது. எல்லோருக்கும் ‘இல்லை’ என்றே எழுதிவிடுவேன். கந்தப்பன் தடுத்தார். சின்னப் பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளியொன்றில் காவலாளி வேலை கேட்டு வந்திருந்தார்.

“ஆமான்னு எழுதுங்க தம்பி. தோட்டத்து மரத்த வெறகுக்கு வெட்டி ரெண்டு மாசம் ஜெயில் மறியல்ல கெடந்தேன். மறைச்சு வாங்குற வேல வேணாம்.”

“சொன்னா கெடைக்காதுங்க.”

“உண்மையச் சொன்னா மதிப்பாங்க தம்பி. நீங்களும் இவ்வளவு நல்லா எழுதுறீங்க, ஏன் இந்தப் பொட்டிக்கடைக்குள்ளயே கெடக்குறீங்க?”

அது என்னைப் புண்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறியலில் கிடந்த ஒருவரின் இரக்கம் யாரைப் புண்படுத்தும்? அவர் சொன்னபடியே ‘ஆம்’ என்று எழுதினேன். என்ன குற்றம் என்ற இடத்தில், சிறுமியொருத்தியைக் கெடுத்தது என்று எழுதினேன்.

வாசித்துக் காட்டச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். வாசித்தேன். மரம், விறகு, இரண்டு மாதம், அவர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. தலையாட்டிக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

முன்பள்ளி நடத்தும் அம்மா படிவத்தோடு நேராகத் தோட்டத்துக்கே போய்விட்டார். கையெழுத்து தன்னுடையதுதான் என்று கந்தப்பன் பெருமையாக ஒப்புக்கொண்டாராம். அம்மா அந்த வரியை வாசித்துச் சொன்னபின் லயத்து ஆட்கள் வேறு எதையும் கேட்கவில்லை. “மரந்தாங்க வெட்டுனாரு” என்று அவர் மனைவி ராசம்மா கத்திக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

அடித்தவர்கள் அவர்கள். நான் எழுதியது ஒரு வரி. அந்த வரி பொய், அதைத் தெரிந்தே எழுதினேன். போதுமா?

நான் தமிழில் சொன்னதை நீங்கள் சிங்களத்தில் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து வைக்கிறேன். அதற்கு முன் அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள் சேர், நானே ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேன்.