வால்டெமாருக்கு மூன்று மணிக்கு அஞ்சலி

டார்வின்: கதவ மூடுங்க தோன்யா... ஐரிஸம்மா, மூடுங்க!

ஐரிஸ்: மூடிட்டேன். கத்தாத மகனே. பக்கத்துக் கூடத்துல துக்கம் கேக்க வந்திருக்காங்க.

டார்வின்: எத்தனை பேரு?

ஐரிஸ்: நாப்பதுக்கு மேல. மலர்வளையம் ஒன்பது.

டார்வின்: பெட்டி?

ஐரிஸ்: வச்சாச்சு. தோன் உலிசெஸே முன்னாடி நின்னு வைக்கச் சொன்னாரு. இந்த ஈமச்சடங்குக் கடைக்கு முதலாளியாச்சே.

டார்வின்: உள்ள ஆளு?

ஐரிஸ்: ஆளு இந்நேரம் வீட்ல உருளைக்கிழங்கு உரிச்சிக்கிட்டு இருப்பாரு.

டார்வின்: ஐயோ...

ஐரிஸ்: என்னைய ஏன் முறைக்கிற? சோதிச்சுப் பாக்க ஒரு பேரு கேட்ட. குடுத்தேன். வால்டெமார் தெச்சேரா.

டார்வின்: சோதிக்கத்தான் கேட்டேன்! ஒத்திகைன்னு ஒரு பட்டன் இருக்கு. அதப் போட்டா எல்லாம் இந்த அறைக்குள்ளயே சுத்தி முடிஞ்சிரும். காலையில போட்டுட்டுதான் உக்காந்தேன். மதியம் பாத்தா அணைஞ்சிருக்கு. ரேடியோ வரைக்கும் போயிருச்சு!

ஐரிஸ்: நல்லா வாசிச்சாங்க. "ஆழ்ந்த வருத்தத்துடன்"னு அந்தப் பொண்ணு குரலக் கூட ஒடைச்சா.

டார்வின்: சிரிக்காதீங்க! அங்க தலைநகரத்து ஆளு, மொந்தேவிதேயோவுலருந்து சாஃப்ட்வேர் விக்க வந்தவன், உக்காந்திருக்கான்.

ஐரிஸ்: தெரியும். காப்பி குடுத்ததே நான்தான். மூணு சக்கரை.

டார்வின்: அவன்கிட்ட புது சாஃப்ட்வேர் வாங்கிட்டா பழச தூக்கிப் போட்ருவாரு முதலாளி. பழசு போனா நீங்க போனீங்க. அந்தக் கறுப்புத் திரையப் பாத்துப் புரிஞ்சிக்கிற ஒரே ஜீவன் இந்த ஊர்ல நீங்கதான்.

ஐரிஸ்: நான் போனா நீயும்தான். நாப்பத்தஞ்சு வயசுல தலையில முடியும் இல்லாம, எவன் கடையில போயி பிரிண்டர் ரிப்பேர் பண்ணுவ?

டார்வின்: அதுக்குத்தானே ரெண்டு மாசமா நாயா உழைச்சேன்... பழசு அப்படியே இருக்கட்டும், நடுவுல நான் ஒண்ணு வைக்கிறேன், அது எல்லார்கிட்டயும் பேசிக்கும்னு...

ஐரிஸ்: நல்லாத்தானே பேசிச்சு. நாலு நிமிஷத்துல ஒரு மனுசனக் கொன்னு, பூ சொல்லி, குழி பிடிச்சு, ஊருக்கே சொல்லிருச்சு.

டார்வின்: ஒரு நிஜ சாவு வந்திருந்தா போதும்! மூணு வாரமா இந்த ஊர்ல ஒருத்தரும் சாகல. இப்படி ஒரு ஊரு உண்டா?

ஐரிஸ்: ஒசோரியோ கிழவர் வருவாருன்னு நம்பினேன். நேத்து எந்திரிச்சு உக்காந்து சூப் கேட்டாராம். ரோஷங்கெட்ட மனுசன்.

டார்வின்: ஆமா... பொண வண்டி எங்க?

ஐரிஸ்: உன் மிஷின்தான் அதையும் அனுப்பிச்சு. டிரைவர் ஆஸ்பத்திரியில நின்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்கான். அவங்க அப்படி ஒரு பொணமே இல்லேங்கிறாங்க. இவன் ஒளிச்சு வச்சிருக்கீங்கங்கிறான்.

டார்வின்: முடிஞ்சுது. நான் பிரேசிலுக்குப் போறேன். எல்லை ஒரு மணி நேரம்தான்...

ஐரிஸ்: உக்காரு. யாரோ பின் கதவத் தட்டுறாங்க.

வால்டெமார்: நான்தான்மா. செத்தவன்.

டார்வின்: தோன் வால்டெமார்! நீங்க எப்படி... யாரும் பாத்தாங்களா?

வால்டெமார்: சந்து வழியா வந்தேன். ரொட்டிக்கடைக்காரன் பாத்தான். சிலுவை போட்டுக்கிட்டு ஷட்டர இழுத்துட்டான்.

ஐரிஸ்: என்ன கையில?

வால்டெமார்: தோர்தா ஃப்ரீதா, எண்ணெயில பொரிச்ச ரொட்டி. பக்கத்து வீட்டம்மா என் துக்கத்துக்காகச் சுட்டது. கதவத் தொறந்ததும் என்னையப் பாத்து மயங்கிட்டா. தண்ணி தெளிச்சு எழுப்பினா தட்ட என் கையிலயே குடுத்துட்டா. இந்தா, சூடா இருக்கு.

டார்வின்: கோட்டு, டை எல்லாம் போட்டிருக்கீங்க...

வால்டெமார்: என் சாவுக்கு நான் பனியனோடயா வருவேன்? நகரு, கதவு இடுக்குல பாக்கறேன். யாரு யாரு வந்திருக்கான்...

ஐரிஸ்: மெதுவா!

வால்டெமார்: அட... நான் பந்து உருட்டி ஆடற போச்சாஸ் கிளப் மொத்தமும் இருக்கு. அந்த ஃபகுந்தெஸ் ஏன் இப்படி அழறான்? பதினோரு வருசமா என்கூடப் பேசாதவன்.

ஐரிஸ்: அதான் அழறான்.

வால்டெமார்: என் தம்பி பொண்டாட்டி பெட்டியோட மரத்தத் தட்டிப் பாக்கறா. போலி மரமான்னு... சரிடா டார்வின், என்னையக் கொன்னது எது? அத முதல்ல காட்டு.

டார்வின்: இப்ப அதுக்கு நேரமா?

வால்டெமார்: சாகடிச்சுட்டு காரணம் கூடச் சொல்ல மாட்டியா?

டார்வின்: இடைமென்பொருள்னு பேரு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிக்கிறது. இதோ இது பழைய ப்ரோகிராம். முதலாளியோட மச்சான் எழுதினது. அவரே செத்துப் பதினெட்டு வருசமாச்சு.

ஐரிஸ்: அவரையும் இதுலதான் பதிஞ்சோம்.

டார்வின்: இத ஒருத்தரும் தொட முடியாது. தொட்டா முப்பது வருசக் கணக்கும் போயிரும். ஆனா அந்தப் பக்கம் பூக்கடை, கல்லறை ஆபீஸ், ரேடியோன்னு எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்க. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது. முன்னாடி தோன்யா ஐரிஸ் ஒரே பேர நாலு எடத்துல அடிப்பாங்க...

ஐரிஸ்: நாலுலயும் நாலு மாதிரி. போன வருசம் ஒலெகாரியோ செத்தாரு. ரேடியோவுல ஓல்கான்னு வாசிச்சுட்டாங்க. ஓல்கா வீட்டு முன்னாடி ஊரே நின்னுது. ஓல்கா கதவத் தொறந்து வெளக்கமாத்தத் தூக்கினா.

வால்டெமார்: அது நீதானா!

ஐரிஸ்: மலர்வளையம் ஒண்ணு பதினஞ்சாம் பிறந்தநாள் விருந்துக்குப் போச்சு. "என்றும் உன் நினைவில்"னு. அதச் சொல்ல மறந்துட்டேன்.

டார்வின்: இப்ப ஒரு தடவ அடிச்சா போதும். நடுவுல இருக்கறது எடுத்து, அவங்கவங்க பாஷைக்கு மாத்தி, அவங்கவங்ககிட்ட குடுத்துரும். ரேடியோ லைன் செத்துக் கெடந்தா, வரிசையில வச்சிருந்து லைன் வந்ததும் அனுப்பும். ஒரே கூடத்த ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்தா, நில்லுன்னு தடுக்கும்.

வால்டெமார்: உயிரோட இருக்கறவனையும் தடுக்கணும்னு தோணலையா?

டார்வின்: ...அது இன்னும் எழுதல.

வால்டெமார்: எழுது. சரி, நான் போறேன்.

டார்வின்: எங்க?

வால்டெமார்: என் கூடத்துக்கு. அவங்கள இன்னும் எவ்வளவு நேரம் அழ வைக்கிறது? முன் கதவு வழியாப் போனா பாதிப் பேருக்கு மாரடைப்பு வரும். உங்க மிஷினுக்கு வேல கூடிரும். இந்தக் கதவு வழியாவே போறேன்.

டார்வின்: தோன் வால்டெமார், நில்லுங்க! முதலாளிகிட்ட என்ன சொல்லுவீங்க? தோன்யா, பிடிங்க அவர!

ஐரிஸ்: போகட்டும் விடு.

டார்வின்: ...போயிட்டாரு.

ஐரிஸ்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

டார்வின்: அது யாரு கத்தினது?

ஐரிஸ்: தம்பி பொண்டாட்டி. அந்தத் தொண்டையே வேற.

டார்வின்: ஏதோ விழுந்துச்சு.

ஐரிஸ்: ஃபகுந்தெஸ்... இல்ல, விழல, கட்டிப் பிடிச்சிருக்கான். அட, முத்தம் குடுக்கறான். இப்பத் தள்ளி விட்டுட்டான். திட்டறான். சரியாயிருச்சு, பழையபடி ஆயிட்டாங்க.

டார்வின்: முதலாளி?

ஐரிஸ்: மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு. பக்கத்துல மொந்தேவிதேயோக்காரன் கடியாரத்தப் பாக்கறான். வால்டெமார் என்னமோ காதுல ஓதறாரு... திரும்பி வர்றாரு.

வால்டெமார்: மூடு, மூடு கதவ. கேட்டுக்க டார்வின். உலிசெஸ் சொன்னத அப்படியே சொல்றேன். கெட்ட வார்த்தைய எடுத்துட்டுச் சொல்றேன், அதனால கொஞ்சம்தான் இருக்கும்.

டார்வின்: சொல்லுங்க...

வால்டெமார்: "நாலு நிமிஷத்துல கொன்னுச்சே, நாலு நிமிஷத்துல எழுப்புமா? எழுப்பினா அதையே வச்சிக்கிறேன். எழுப்பலைன்னா மூணு பேரும் வெளிய." மூணாவது ஆளு ஏன்னு கேட்டேன். உன்னையும் சேத்துதான் வால்டெமார்னுட்டாரு.

ஐரிஸ்: முடியுமா?

டார்வின்: ரத்துன்னு ஒண்ணு எழுதியிருக்கேன். யார் யாருக்கு என்ன போச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயா திரும்பிப் போயி...

ஐரிஸ்: விளக்காத, அமுக்கு!

டார்வின்: அமுக்கிட்டேன்.

வால்டெமார்: ...ஒண்ணும் ஆகலையே.

டார்வின்: பொறுங்க. இதோ. கல்லறை ஆபீஸ், குழி திரும்பக் குடுத்தாச்சு.

வால்டெமார்: எங்க குடுத்தாங்க? நல்ல எடமா?

ஐரிஸ்: மரத்தடி.

வால்டெமார்: அடடா.

டார்வின்: பூக்கடை... இன்னும் ஆறு மலர்வளையத்தோட அவங்க வண்டி கெளம்பியிருந்தது. முக்குலயே நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரியில நிக்கிற நம்ம டிரைவருக்கும் திரும்பி வான்னு போயிருச்சு.

ஐரிஸ்: நான் ஃபோன் பண்ணியிருந்தா ரெண்டு நாள். அதுலயும் டிரைவர் எடுக்க மாட்டான்.

டார்வின்: அடுத்தது எல்லார் செல்லுக்கும்... கேக்குதா?

வால்டெமார்: கூடம் மொத்தமும் ஒரே நேரத்துல கீச்சுகீச்சுங்குது!

ஐரிஸ்: நாப்பது பேரும் செல்ல எடுத்துப் பாக்கறாங்க. "வால்டெமார் தெச்சேரா உயிருடன் உள்ளார், வருந்துகிறோம்."

வால்டெமார்: வருந்துகிறோமா?

டார்வின்: தவறுக்கு! தவறுக்கு வருந்துகிறோம்னு இருக்கணும். ஒரு வார்த்த விட்டுப்போச்சு.

ஐரிஸ்: அங்க பாரு... உலிசெஸ் சிரிக்கறாரு. வயித்தப் பிடிச்சிக்கிட்டு. மொந்தேவிதேயோக்காரன் தோள்ல கை போட்டு வாசலப் பாத்துக் கூட்டிட்டுப் போறாரு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாரு.

டார்வின்: நிஜமாவா?

ஐரிஸ்: பெட்டியக் காட்டி உனக்கும் ஒண்ணு வேணுமாங்கறாரு, அந்தாளு பயந்து பைய எடுத்துட்டான்.

டார்வின்: தோன்யா... பொழச்சோம்.

ஐரிஸ்: மூச்சு விடு மகனே. மூக்கு நீலமாயிருச்சு.

டார்வின்: இன்னும் ரேடியோ பாக்கி. அவங்க சும்மா திருத்த மாட்டாங்க. தகவல் குடுக்கறவர் பேரும் உறவும் வேணும். பழைய ப்ரோகிராமும் அது இல்லாம நகராது. யாரு பேரப் போட?

வால்டெமார்: ஐரிஸ் பேரப் போடு. உறவு... நண்பர்னு போடு. அதான் வழக்கம்.

டார்வின்: ஐரிஸ் புஸ்காலியா... நண்பர்...

ஐரிஸ்: அழி.

டார்வின்: எத?

ஐரிஸ்: ரெண்டாவத.

வால்டெமார்: என்னம்மா?

ஐரிஸ்: மனைவின்னு போடு.

வால்டெமார்: ஐரிஸ்... ரேடியோவுல வாசிப்பாங்க.

ஐரிஸ்: வாசிக்கட்டும்.

வால்டெமார்: கல்யாணம் பண்ணிக்கலாம்னு பத்தொன்பது வருசமா நான் கெஞ்சினேன். நீதான் ஊர் பேசும், முதலாளி என்ன நெனப்பாரு, செவ்வாய்க்கிழம மட்டும் வா, உன் லாரிய தள்ளி நிறுத்துன்னு...

ஐரிஸ்: எனக்கும் ஞாபகம் இருக்கு. பட்டியல் போடாத.

வால்டெமார்: இன்னைக்கு என்ன வந்துச்சு?

ஐரிஸ்: காலிப் பெட்டிதான்னு தெரியும். நீ கெழங்கு உரிச்சிக்கிட்டு இருக்கேன்னும் தெரியும். ஆனா உன் பேரு எழுதின அட்டைய அதுமேல வச்சேனா... ரெண்டு தடவ திரும்ப எடுத்துட்டேன். நாளைக்கு நிஜமாவே நீ போனா, நான் மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்துகிட்டு உன் தம்பி பொண்டாட்டிகிட்ட "நீங்க என்ன உறவு?"ன்னு கேக்கணும். அவ சொல்லுவா, நான் அடிக்கணும். எனக்கு ஒரு நாற்காலி கூட முன்வரிசையில கெடைக்காது.

வால்டெமார்: ...எண்ணெய்க் கையி. இல்லேன்னா கட்டிப் பிடிச்சிருப்பேன்.

ஐரிஸ்: தொடைச்சிட்டுப் பிடி.

டார்வின்: நான் வேணா வெளிய...

ஐரிஸ்: உக்காரு. உன்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். அந்த ஒத்திகை பட்டன்... நான்தான் அணைச்சேன். நீ மாத்தே டீக்கு சுடுதண்ணி பிடிக்கப் போனப்ப. நிஜமா ஓடினாத்தான் உலிசெஸ் நம்புவாருன்னு. இவருகிட்ட நேத்தே கேட்டு சம்மதம் வாங்கிட்டேன்.

வால்டெமார்: காலையிலயே கோட்ட இஸ்திரி போட்டு வச்சேன்.

ஐரிஸ்: உன்னையப் பதற விட்டுட்டேன் மகனே. மன்னிச்சுக்க.

டார்வின்: தோன்யா... நீங்க அணைச்சது பிரிண்டர். அதே எண்ணத்துல ஒத்திகைய காலையில எட்டு மணிக்கே நானே அணைச்சிட்டேன், உங்ககிட்ட யார் பேராவது கேட்டா செவ்வாய்க்கிழமக்காரர் பேரத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும், அவரு கோவிச்சுக்க மாட்டாருன்னும் தெரியும், அந்த லாரிய எங்க வீட்டு முன்னாடிதான் பத்தொன்பது வருசமா நிறுத்தறாரு... மனைவின்னு போட்டு அனுப்பிட்டேன், ரேடியோவ கொஞ்சம் சத்தமா வைங்க.