வாசற்படியில் வைத்த தண்ணீர்

பட்டாணி சூப்பைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. தனி மேசை போட்டுவிட்டேனே என்று வருத்தப்படாதீர்கள். இந்த விஸ்துலா ஆற்றுச் சேற்றில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள், விசாரணை எங்கேயும் ஓடிவிடாது.

விப்ராண்ட் செத்ததற்கு நான்தான் காரணம் என்கிறார்கள். சொல்லட்டும். சபை விலக்கிவைத்த தன் தம்பியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து மீன் தின்றவன் அவன். விலக்கப்பட்டவனோடு சாப்பிடக்கூடாது, ஒரே அறையில் படுக்கக்கூடாது, அவன் கையில் எதையும் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது, பெண்டாட்டியானாலும் சரி. என்னைப் போல நீங்களும் ஒரு மென்னோனைட் சபைக்கு மூப்பர்தானே, உங்களுக்குத் தெரியாததா? விப்ராண்டைச் சபை நடுவே நிறுத்திக் கேட்டேன்.

"கடவுளே மன்னிச்சாலும் நீங்க விடமாட்டீங்க போலிருக்கே, மூப்பரே" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அன்றே அவனை விலக்கினேன்.

அறுவடை முடிந்ததும் அவனுக்குச் சதுப்புக் காய்ச்சல் கண்டது. அவன் மனைவி ஆல்ட்யே என்னைத் தேடி வந்தாள்.

"தண்ணியாச்சும் கொடுக்கலாமா, மூப்பரே?"

"தாராளமா. அறை வாசப்படியில வச்சிட்டு வா. அவனே வந்து எடுத்துக்கட்டும்."

"எந்திரிக்கவே முடியலையே அவரால."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

கீழ்ப்படிகிற பெண். வைத்தாள்.

மறுபடி வந்தாள். தப்பை ஒத்துக்கொள்கிறானாம். சபைக்கு வந்து தன் வாயால் சொல்லட்டும், அதுதான் முறை என்றேன். மூப்பர் நேரில் போய்க் கேட்டாலே போதுமே என்பீர்கள். போனேன். பொய் சொல்வது நம் வழக்கமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஆல்ட்யே முறைப்படி மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்தாள். அவன் கட்டிலிலிருந்து பாதி தூரம் தவழ்ந்து வந்து கிடந்தான். வாசற்படியில் குவளை நிறைந்தபடி இருந்தது. "தப்புதான் மூப்பரே, தப்புதான்" என்று ஆளில்லாத அறையில் புலம்பினான். காதாரக் கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கடைசியில் ஆல்ட்யே பொறுக்கமாட்டாமல் அவன் தலையை மடியில் வைத்துத் தன் கையால் புகட்டினாளாம். இறங்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அவளையும் விலக்கினேன்.

நான் யார்மேலும் கை ஓங்கியதில்லை. விசுவாசத்துக்காக நம் முன்னோரை உயிரோடு கொளுத்தியவர்களைக்கூட வெறுத்ததில்லை. எனக்குக் கோபமே வராது.

வருகிற வழியில் ஆல்ட்யே வீட்டில் தாகத்துக்கு வாங்கிக் குடித்தீர்களாமே, அவள் கையிலிருந்தே. அதனால்தான் தனி மேசை.