பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் போன சேட்டுகள்

கடல் அலையே கைதட்டும் இந்தக் கரையிலே, கதிரை கொள்ளாத கம்பீரத்தோடு வீற்றிருக்கும் தலைவர் சூசைப்பிள்ளை மூப்பர் அவர்களே! கனிவே உருவான பங்குச் சுவாமியார் அவர்களே! வலையை மடித்து வைத்துவிட்டு என் வாயைப் பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே! முக்காட்டுக்குள்ளே முறுவலிக்கும் தாய்மார்களே! வட்டக்கச்சியிலிருந்து வண்டி கட்டி வந்து கடைசி வரிசையிலே கூச்சத்தோடு குந்தியிருக்கும் விருந்தினர்களே! முன்வரிசையில் ஒருவர் தலையில் ஒருவர் மணல் கொட்டும் எதிர்காலத் தூண்களே! உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த, தமிழ் மணந்த வணக்கம்!

எனக்குத் தந்த தலைப்பு 'ஆலயமும் ஆடையும்'. ஆகா, என்ன தலைப்பு! எப்பேர்ப்பட்ட தலைப்பு! தலைப்பைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானாகப் படித்து, தென்னைமரங்களுக்கு முன்னால் நானாகப் பேசிப் பழகியவன் நான். பிழை வந்தால் கைதட்டி மறைத்துவிடுங்கள்.

கடலுக்குக் கட்டிக்கொண்டு போகும் சாரத்தோடு கர்த்தரிடம் போகலாமா? கூடாது! தலையில் தேய்த்த எண்ணெய் காதுவழியே வடிய, சேட்டின் கழுத்துத் தெறிகளைப் பூட்டாமல் திறந்துவிட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு கோயில் வாங்குப் பலகையிலே சாயலாமா? கூடவே கூடாது! செபமாலை அத்தான், நீங்கள் ஏன் குனியிறியள்? நான் பொதுவாத்தான் சொன்னனான்.

சபையோரே! நாளைக் காலையில் என் அக்கா யூலிற்றாவுக்கும் இந்தச் செபமாலை அத்தானுக்கும் இதே கோயிலில் கலியாணம். அந்தக் கலியாணத்திலே வட்டக்கச்சி வீரகத்தி மாமா கோயிலுக்குள்ளே நிற்பாரா, வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாரா? அதுதான் கேள்வி! வெளியேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் தலைவர். மாமா உள்ளே வராவிட்டால் கோயில் படி மிதிக்கமாட்டேன் என்று அழுகிறா அக்கா. ஏன் அழமாட்டா? எங்கள் அம்மா கண்மூடிய பிறகு, நெல்லுக்கு மாற்றும் கருவாட்டுப் பொதியோடு அக்காவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு என் ஐயா யாக்கோப்பு போய் இறங்கியது எந்த வாசலில்? வீரகத்தி மாமாவின் வாசலில்! அக்காவைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துச் சோறு தீத்தியது யார்? அவர் மனைவி நாகேஸ்வரி மாமி!

அப்படியானால் மூப்பர் ஏன் மறிக்கிறார்? கேளுங்கள் கதையை! ஓம் ஓம், உங்களுக்குத் தெரியும். தெரியாத ஆக்களும் வந்திருக்கினம், பொறுங்கோ!

போன வருசம், இதே கோயில் பெருநாள். பிரம்போடு வாசலில் நிற்கிறார் மூப்பர். முக்காடு இல்லாத பெண்ணுக்கு வழியில்லை. தெறி பூட்டாத ஆணுக்கு இடமில்லை. அந்த நேரம் வந்து நிற்கிறது வட்டக்கச்சி வண்டி. இறங்குகிறார் வீரகத்தி மாமா, பின்னாலே அவர் ஊர் ஆண்கள். வெள்ளை வேட்டி! வெளுத்த சேட்டு! மடித்த சால்வை! மூப்பருக்கு உள்ளம் பூரித்தது. எங்களைப் பார்த்துப் பொரிந்தார்: "பாருங்கோடா, வயல் செய்யிற ஆக்கள் எவ்வளவு வடிவா உடுத்துக்கொண்டு வந்திருக்கினம்! நீங்களும் இருக்கிறியள்!" சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார்.

ஐயகோ! அந்த மணி அடித்து முடிவதற்குள்ளே என்ன நடந்தது? பிள்ளையார் கோயில் வாசலில் காலாகாலமாகச் செய்வதை அவர்கள் இங்கேயும் பயபக்தியோடு செய்தார்கள். சேட்டைக் கழற்றினார்கள். சால்வையை இடுப்பிலே கட்டினார்கள். கழற்றிய சேட்டை எங்கே வைப்பது? "உதிலை ஒரு அலுமாரி நிக்குது" என்றார் மாமா. சபையோரே, அது அலுமாரியா? அது சுவாமியார் உள்ளே இருந்து நம் பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூடு!

பூசை தொடங்கியது. சுவாமியார் நமக்கு முதுகு காட்டி நின்று பூசை செய்வார். இடையிலே திரும்பிக் கைகளை விரிப்பார். அன்றும் திரும்பினார். விரித்தார். விரித்த கை விரித்தபடியே நின்றது! ஆண்கள் பக்கம் முழுக்கத் திருநீறும் சந்தனமும் மின்னும் திறந்த மார்புகள்! ஆர்மோனியம் ஒரே சுரத்தில் நின்று அழுதது. தாய்மார்கள் முக்காட்டை மூக்குவரை இழுத்தார்கள். இழுத்துவிட்டு இடுக்காலே பார்த்தது யார் யார் என்று நான் சொல்லமாட்டேன்!

ஓடி வந்தார் மூப்பர். "என்ன கோலமிது? சேட்டைப் போடுங்கோ!"

மாமாவுக்கோ திகைப்பு. "சாமிக்கு முன்னாலை சேட்டோடை நிக்கிறதோ? எங்களை மரியாதை தெரியாத ஆக்கள் எண்டு நினைச்சியளோ? பாவம், உங்கடை ஆக்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போலை."

ஒருவழியாகப் புரியவைத்துச் சேட்டெடுக்க ஓடினால், கூட்டுக்குள்ளே வேற்றூர்ச் சுவாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்துவிட்டார். எதன்மேல் உட்கார்ந்தார்? வட்டக்கச்சிச் சேட்டுக் குவியல்மேல்! 'இந்தப் பங்கிலே மெத்தையும் வைத்திருக்கிறார்களே' என்று மகிழ்ந்திருப்பார். வேறு வழி? முழந்தாளிட்டார் மாமா.

"சாமி, என்ரை சேட்டு..."

"மகனே, முதல் பாவத்தைச் சொல்லும்."

"அதைக் கழட்டினதுதான் பாவமாம், சாமி."

"களவெடுத்த சேட்டோ?"

"இல்லைச் சாமி, என்ரைதான். நீங்கள் அதுக்கு மேலைதான் இருக்கிறியள்."

என்ன? பாவசங்கீர்த்தன இரகசியம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சுவாமியார் சொல்லவில்லை. மாமாவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. கடைசி வாங்குவரை கேட்டது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். போன பொங்கலுக்கு நெல் வாங்க வட்டக்கச்சிக்குப் போனவர் யார்? கோட்டும் காலிலே சப்பாத்தும் போட்டுப் போனவர் யார்? மூப்பர், என்னை முறைக்காதேங்கோ, நாகேஸ்வரி மாமி எல்லாம் சொல்லிப்போட்டா! மெழுகிக் கோலமிட்ட பொங்கல் முற்றத்திலே, புதுப்பானைக்கு முன்னாலே, பளபளக்கும் சப்பாத்தோடு போய் நின்றார் நம் தலைவர். "ஆரடா அது? வெளியிலை போகச் சொல்லு!" என்று பொடியங்கள் பாய்ந்தார்கள். அப்போது ஓடிவந்து குனிந்து, அந்தச் சப்பாத்தின் கயிற்றைத் தன் கையாலே அவிழ்த்தவர் யார்? "அவருக்கு எங்கடை வழக்கம் தெரியாதடா. தெரிஞ்சிருந்தா செய்யாமல் விடுவாரோ?" என்று கேட்டு, முதற்பாயிலே இருத்தி முதற்பொங்கல் போட்டவர் யார்?

வீரகத்தி மாமா, சபையோரே! வீரகத்தி மாமா!

நீங்கள் தெறி பூட்டுவது எதற்கு? கடவுளுக்குக் காட்டும் மரியாதைக்கு! அவர் தெறி கழற்றியது எதற்கு? அதே மரியாதைக்கு! வழக்கம் தெரியாதவரை வெளியே நிறுத்துவதா ஆலயத்தின் அழகு? பூட்டிவிட ஒரு கை வேண்டாமா? பக்கத்திலே ஒரு இடம் வேண்டாமா?

மாமா, மேடைக்கு வாங்கோ! ஓம், நீங்கள்தான்! வழி விடுங்கள், வருகிறார்... மாமா, மாமா! சேட்டைக் கழட்டாதேங்கோ! ஐயோ, மேடையோரம் நிற்கும் அந்தோனியார் சுரூபச் சிலையைக் கண்டுவிட்டார்! மேல்தெறி போய்விட்டது! இரண்டாவதும்! ஆராவது பிடியுங்கோ!

ஆ! மூப்பர் எழும்பிவிட்டார். பிரம்பைக் கதிரையில் வைத்துவிட்டுப் படி இறங்குகிறார். சபையோரே, பாருங்கள், பாருங்கள்! வீரகத்தி மாமாவின் தெறியை மூப்பர் தன் கையாலே பூட்டுகிறார்! மூப்பர், ஒரு தெறி ஓட்டை மாறிப்போச்சு... பரவாயில்லை, விடுங்கோ. என்ன சொல்லுறியள்? உரத்துச் சொல்லுங்கோ! "நாளைக்கும் நானே பூட்டிவிடுறன், முன்வாங்கிலை இருக்கட்டும்" என்கிறார்!

அக்கா, இனி அழாதை! வீங்கின கண்ணை முக்காட்டாலும் மறைக்கேலாது!

தட்டிய கைகளுக்கும், நாளை தெறி பூட்டிவிடப்போகும் கைகளுக்கும் நன்றி கூறி, கோணலாய்ப் பூட்டிய அந்த ஒரு தெறிக்கும் சேர்த்து வணக்கம் சொல்லி இறங்குகிறேன்!