ராபர்ட் அண்ணன் கண்ணாஸ்பத்திரிக்குப் போன நாள்

இல்ல அண்ணி, நான் எதையும் மறைக்கல. ராபர்ட் அண்ணன் காலையில இங்க வந்தாரு, டீ குடிச்சாரு, போனாரு. எங்க போனாருன்னா... மொதல்ல ஒக்காருங்க. ஓல்டு டவுன்லேர்ந்து செம்மண்டலம் வரைக்கும் இந்த வெயில்ல வந்திருக்கீங்க. அந்த ஸ்டூல் வேணாம், கிரீஸ். இதுல ஒக்காருங்க.

கண்ணாஸ்பத்திரிக்குன்னா சொல்லிட்டு வந்தாரு? அப்பிடியா. அங்க சொட்டு மருந்து வுட்டு ரெண்டு மணி நேரம் கண்ண மூடி ஒக்கார வச்சிடுவாங்க அண்ணி. ஃபோன எப்பிடி எடுப்பாரு?

டீ சொல்லியிருக்கேன். ஆமா, ஷெட்டுல இருக்கறது எல்லாமே பழைய ரேஸ் பைக்குங்கதான். தேடிப் புடிச்சி, சரி பண்ணி, விக்கிறேன். பூவராகன் என்னா தொழில் பண்றான்னு யாராவது கேட்டா, எங்க ஊட்ல சத்யப்பிரியா பழைய இரும்புன்னு சொல்லிடுவா. அவ மேல தப்பில்ல. பீரோவத் தொறந்தா பொடவைக்கு முன்னாடி சைலன்சர்தான் வுழும்.

ஆனா இதெல்லாம் சாதா வண்டி இல்ல அண்ணி. லைட்டு கெடையாது, ஹாரன் கெடையாது. மேட்டுல ஏறிப் பறக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் தன்னோட டீமுக்கு மட்டும் செஞ்சது. கடையில காசு குடுத்தாலும் கெடைக்காது. அப்பல்லாம் சீசன் முடிஞ்சதும் கம்பெனிக்காரங்களே ஒடச்சிப் போட்டுடுவாங்க. அடுத்த கம்பெனிக்காரன் தெறந்து பாத்துடக் கூடாதாம். தப்பிச்சது ஒண்ணு ரெண்டு.

கம்பெனி டீமுல அண்ணன் ஓட்ன வண்டி எப்பிடித் தப்பிச்சிதுன்னு ஒங்களுக்கே தெரியும். தொண்ணூத்தி ரெண்டுல சிதம்பரம் ரேஸ்ல அண்ணன் வுழுந்தாரு இல்ல? அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாங்க. ஒடைக்கறதுக்கு இனிமே என்னா இருக்குதுன்னு வண்டிய அங்கியே வுட்டுட்டுப் போயிட்டாங்க.

எங்க கெடச்சிதா? அண்ணன் சொல்லலியா? மங்கலம்பேட்டையில கரும்பு ஜூஸ் குடிச்சிட்டு நிக்கிறேன். மெஷின் சத்தம் ஒரு மாதிரியா இருக்குது. ஜூஸ் மெஷின்னா டொக்கு டொக்குன்னு ஓடணும். இது ஆளக் கொல்ற மாதிரி கத்துது. குனிஞ்சி பாத்தா கம்பெனி முத்திர குத்துன ரேஸ் எஞ்சின். கரும்பு புழிஞ்சிட்டு இருக்குது. பாடி எங்கன்னு கடைக்காரம்மா தைலம்மாளக் கேட்டேன். பின்னாடி காட்னாங்க. அது மேல கோழி அடையுது. நம்பரத் தொடச்சிப் பாத்தேன், அண்ணனோடதுதான்.

அந்தம்மா பேரம்லாம் பேசல. வேற மோட்டார் மாட்டிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ, ஆனா கட ஒரு நாளு மூடக் கூடாதுன்னுட்டாங்க. நான் வாங்கிட்டுப் போன மோட்டாருக்கு பெல்ட் சேரல. மூணு நாளு கையால சுத்தினேன் அண்ணி, சித்திர வெயில்ல. அதுல ஒரு ஆளு, இஞ்சி கம்மின்னு என்னத் திட்டிட்டு வேற போனாரு.

அப்பறம் ஒன்றர வருசம் வேல. முடிச்சிட்டு அண்ணனக் கூட்டியாந்து காமிச்சேன். ஹேண்டில்ல கைய வச்சிட்டு நின்னாரு. டீ ஆறிப் போச்சி, அப்பவும் கைய எடுக்கல.

இந்தாங்க, ஒங்க டீ. சக்கர ஜாஸ்தியா? பேசிக்கிட்டே... என்ன அண்ணி, அப்பிடிப் பாக்கறீங்க? வண்டி எங்கன்னா?

வண்டி வெளிய போயிருக்குது.

சரி, சொல்லிடறேன். டீயக் கீழ வச்சிட்டுக் கேளுங்க. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பார்ட்டி வந்திருக்காரு. பழைய வண்டிங்க பெரிய கலெக்சன் வச்சிருக்காரு. பெயிண்டும் நம்பரும் எவன் வேணா போடுவான், அன்னைக்கி ஓட்ன ஆளே என் கண்ணு முன்னாடி பத்து நிமிசம் ஓட்டிக் காட்னாதான் வாங்குவேன்னாரு. நான் அண்ணன்கிட்டப் போனேன். என் தப்புதான். மாட்டேன்னு சொல்லுவாருன்னு நெனச்சித்தான் போனேன். எந்த கிரவுண்டுன்னு கேட்டாரு.

சத்தியம் தெரியும் அண்ணி. ஆஸ்பத்திரி கட்டில்ல ஒங்க தலையில கை வச்சி, கால்ல பிளேட்டு இருக்கிற வரைக்கும் ரேஸ் வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னாரு. என்கிட்டயும் அதே வார்த்தையத்தான் சொன்னாரு. சொல்லிட்டு, போன ஐப்பசியில அந்தப் பிளேட்ட எடுத்தாச்சுன்னாரு.

வலிக்குதுன்னா ஒங்ககிட்ட சொன்னாரு? முப்பது வருசமா வலிக்காத பிளேட்டு, நான் வண்டியக் காமிச்ச மறு மாசம் வலிச்சிருக்குது.

எழுந்திரிக்காதீங்க அண்ணி. ஒங்களக் கும்புடறேன். ஹெல்மெட் போட்டிருக்காரு. முட்டிக்கு உறை, நெஞ்சுக்கு கவசம், எல்லாம் நானே கட்டி வுட்டேன். எங்க மெக்கானிக்கு இளவரசு கூடவே நிக்கிறான். பத்து நிமிசந்தான் பேச்சு. இந்நேரம் முடிஞ்சிருக்கும். இருங்க, அவன்தான் ஃபோன் பண்றான்.

சொல்லு இளவரசு. ம்... வாங்கிக்கிறேன்னாரா? அப்பறம் என்னா? ... எவ்ளோ நேரமா? ... கூப்புட்டுப் பாத்தியா? ... சரி, வைய்யி.

ஒண்ணும் ஆவல அண்ணி. வுழல. பார்ட்டிக்கு ரொம்பத் திருப்தியாம். ஆனா அண்ணன் எறங்க மாட்டேங்கறாரு. முக்கா மணி நேரமா சுத்திட்டு இருக்காரு. ரெண்டு வாட்டி பெட்ரோல் ஊத்தியாச்சாம், அப்பவும் சீட்ட வுட்டு எறங்கலியாம். கை காட்னா பதிலுக்கு அவரும் கை காட்டிட்டுப் போறாராம்.

அவர எறக்கணும்னா நீங்கதான் வந்து திட்டணும். மஞ்சக்குப்பம் கிரவுண்டு, இங்கேர்ந்து பத்தே நிமிசம். ஸ்கூட்டி நிக்கிது, ஏறுங்க. என்னத் திட்றதா இருந்தா வழியில திட்டிட்டே வாங்க.

என்னா அண்ணி? காத்துல கேக்கல, கொஞ்சம் சத்தமா.

அப்ப மாதிரியே ஸ்பீடாப் போறாரான்னா?